எம்.சி. முந்திரி: ஒரு வாழ்க்கைக் குறிப்பு

அழைப்பிதழில் அவர் பெயர்
பெரி. நா. சோலை. வெள். உ. தேனப்பன்.
முன்னெழுத்துகளைச் சொல்லி முடிப்பதற்குள்
பாதிப் பாட்டு ஓடிவிடும் என்பதால்
மேடைக்கு எம்.சி. முந்திரி.

கொட்டை என்று நினைத்து ரசிகர்கள்
கால் கிலோப் பொட்டலங்களை வீசுகிறார்கள்.
கொட்டை இல்லை ஐயா, கணக்கு.
பள்ளத்தூர்ப் பெரிய வீட்டில் அவர் பங்கு
முந்நூற்று இருபதில் ஒன்று.
பழைய வாய்ப்பாட்டில் அதற்கு முந்திரி என்று பேர்.
அளந்து பார்த்தால்
இரண்டாம் கட்டில் ஒரு தேக்குத் தூண்,
அதன் காலை நிழல்.
மாலை நிழல் மலேசியா சித்தப்பாவுக்கு.

பிறந்த இடத்தில் கருத்து வேறுபாடு உண்டு.
புதுவயல் அரிசி ஆலையில்,
உமி பறக்கும் தாளத்தில் என்கிறது ஆல்பத்தின் பின்னட்டை.
காரைக்குடியில், ஆயுதக் கேஸ் என்கிறார் சிகப்பி ஆச்சி,
பெற்றவர்.
இன்னும் பிறக்கவில்லை, டீசர்தான் வந்திருக்கிறது
என்கிறார் அவர்.

முதலில் பேசிய சொல் "செக், செக்".
மைக் சோதனை என்று ஊர் பூரித்தது.
அப்பா மட்டும் சரியாகப் புரிந்துகொண்டு
வங்கியில் கணக்குத் தொடங்கினார்.

ஏழு வயதில், அத்தை கல்யாணத்தில்,
சீர்ச்சாமான் பட்டியலை வாசிக்கச் சொன்னார்கள்.
எவர்சில்வர் வாளி எட்டு, ஏனம் எழுபத்தெட்டு,
தாம்பாளத் தட்டு, தட்டுக்குள் தட்டு,
தட்டுக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பிடி,
பிடி போன சட்டிக்கு யார் ஜவாப்தாரி...
நாற்பது நிமிஷம், மூச்சு விடவில்லை.
சம்பந்தி வீட்டார் எழுந்து ஆடினார்கள்,
ஐயர் ஆடினார்,
முகூர்த்தம் தப்பிக் கல்யாணமே நின்றது.
அந்த மாப்பிள்ளை பின்னாளில் ஈமு கோழி வளர்த்தான்.
அத்தை இன்றுவரை தீபாவளிக்கு
அவருக்கு வேட்டி எடுத்துத் தருகிறாள்.

பிறகு தூணில் மைக்கைக் கட்டிப்
பங்காளி ரெக்கார்ட்ஸ்.
தயாரிப்பாளரும் அவரே, வாட்ச்மேனும் அவரே.
தூணடியில் பாடியது
வளவு முழுக்கச் சுற்றிப்
பத்தொன்பது பேர் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.
வம்பும் கூடவே வந்தது.

தேவகோட்டைக் கோர்ட்டில் கேள்வி இதுதான்:
குரல் அவருடையது, சரி,
எதிரொலி யாருடையது?
எங்கள் சுண்ணாம்பில் பட்டதால்தான் அது இசை,
படாவிட்டால் வெறும் கத்தல்
என்றது கதிரேசன் வகையறா.
சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வீடியோவில் தோன்றித்
தன் ஜன்னல் அதிர்ந்ததற்கு மட்டும் வாடகை கேட்டார்.
அளந்து வரச் சொல்லி அமீனாவை அனுப்பினார்கள்.
சங்கிலியோடு உள்ளே போனவர் திரும்பவில்லை.
அவ்வப்போது
"பன்னிரண்டு அடி... அடி... அடி..."
என்று மட்டும் கேட்கிறது.

தீர்ப்பு: எதிரொலி பொதுச்சொத்து.
சொல்லுக்குச் சொல் முந்நூற்றுப் பத்தொன்பது கையெழுத்து.
ஆகவே இரண்டாவது ஆல்பத்தில் ஒரே சொல்.
"டேய்."
மூன்று வருஷ உழைப்பு.
உலகமே கொண்டாடியது,
பிளாட்டினத் தட்டு வந்தது,
அதையும் முந்நூற்று இருபதாக வெட்டினார்கள்.
அவர் சிரிக்கும்போது
கடைவாய்ப் பல்லில் மின்னுகிறதே,
அதுதான்.

எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் செய்கிறவர் என்பதால்
முப்பதாவது வயதிலேயே அறுபதாம் கல்யாணம்.
முதல் கல்யாணமே ஆகவில்லையே என்று
யாரோ பந்தியில் கேட்டார்கள்.
ரீமிக்ஸ் முந்திக்கொண்டது என்று சொல்லி
இன்னும் ஒரு கரண்டி கவுனி அரிசி வைத்தோம்.

அந்த விழா மலருக்காகத்தான் இதை எழுதினேன்.
பணமாகத் தர அவரிடம் இல்லை.
பேசிய கூலி:
தூணின் காலை நிழல், ஒரு நாளைக்கு.
இன்று ஏழு மணிக்கே போய்ப் பாயை விரித்தேன்.

மேகமூட்டம்.